மதுரைப் பக்கம் 100 வருஷமாக விடிய விடிய நடக்கும் நாடகங்கள்... யார் இந்த சங்கரதாஸ் சுவாமிகள்?

2019-ல் நடந்த நடிகர் சங்கத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் பாண்டவர் அணி. எதிர்ப்பக்கம் பாக்யராஜ் தலைமையில் சுவாமி சங்கரதாஸ் அணி. டிவியில் அந்தப் பெயரைப் பார்த்த பல பேருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. யார் இந்த சங்கரதாஸ்? சாமியாரா, நடிகரா?

இரண்டும்தான். அதோடு கவிஞர், பாட்டு வாத்தியார், நாடக ஆசிரியர். தமிழ் நாடக உலகம் இவரை 'தலைமை ஆசிரியர்' என்று அழைக்கிறது. இவர் இறந்து 100 வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இன்னிக்கும் திருவிழா ராத்திரிகளில் இவர் எழுதிய நாடகங்கள் விடிய விடிய நடக்கின்றன. டிவி வந்தது, மொபைல் வந்தது. அப்படியும் நிற்கவில்லை.

எப்படி இது சாத்தியம்? அப்படி என்ன எழுதிவிட்டுப் போனார்? பார்க்கலாம்.

ஐரோப்பாவில் ஆபரா... நம்ம ஊரில்?

ஆபரா என்றால் கதை முழுக்கப் பாட்டிலேயே நகரும் மேடை நாடகம். ஐரோப்பாவில் அதற்கென்று தனி அரங்குகள் உண்டு. அந்த ஆபராக்களில் அடிக்கடி வரும் கரு, ஒரு குடும்பம் வெளியில் சொல்ல முடியாமல் மூடி வைத்த ரகசியம்.

உதாரணமாக 'யெனூஃபா'. செக் நாட்டு இசையமைப்பாளர் யானாசெக் எழுதியது. 1904-ல் பர்னோ நகரில் முதன்முதலாக மேடையேறியது. கல்யாணம் ஆகாமல் தாயான ஒரு பெண். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்து, அவளுடைய வளர்ப்புத் தாய் பச்சைக் குழந்தையை உறைந்த ஆற்றில் போட்டுவிடுகிறாள். பனி உருகும்போது உண்மை வெளியே வருகிறது. இதுதான் கதை. இன்றைக்கும் ஐரோப்பாவில் புதிதாக மேடையேறும் ஆபராக்கள் இந்த மாதிரிக் கதைகளைத் தேடித்தான் போகின்றன.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் ஒருத்தர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிய நல்லதங்காள், மனைவிக்குத் தெரியாமல் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட அர்ச்சுனன், பெற்ற பிள்ளையையே அறுத்து விருந்து வைத்த சிறுத்தொண்டர். இந்தக் கதைகளை எல்லாம் பாட்டும் வசனமுமாகப் பின்னி, ஊர் ஊராக மேடையேற்றினார். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். நாம் இதை இசை நாடகம் என்கிறோம்.

உப்புத் தொழிற்சாலைக் கணக்கர்

சங்கரதாஸ் பிறந்தது 1867 செப்டம்பர் 7. ஊர், தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டி. அப்பா தாமோதரக் கணக்கப் பிள்ளை, அம்மா பேச்சியம்மாள். அப்பாவுக்கு ராமாயணத்தில் நல்ல புலமை. பையனுக்கு முதல் வாத்தியாரே அவர்தான்.

பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படிக்கப் போனார். வெண்பா, கலித்துறை, சந்தம் என்று செய்யுள் இலக்கணம் முழுக்கக் கையில் வந்தது. உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவரோடு சேர்ந்து படித்தவர். பின்னாளில் அவரும் மேடைப் பாடல்களில் பெயர் வாங்கினார்.

ஆனால் கவிதை சோறு போடுமா? தூத்துக்குடியில் ஓர் உப்புத் தொழிற்சாலையில் கணக்கர் வேலைக்குப் போனார் சங்கரதாஸ். பகலில் மூட்டைக் கணக்கு, மனசுக்குள்ளே பாட்டு. கொஞ்ச காலம் இப்படியே ஓடியது.

24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அது 1891. அந்தக் காலத்தில் இது சாதாரண முடிவு இல்லை. கூத்தாடி என்பது வசவுச் சொல்லாக இருந்த நேரம். படித்த, கணக்குப்பிள்ளைக் குடும்பத்துப் பையன் முகத்தில் அரிதாரம் பூசுவது குடும்பத்துக்கே தலைகுனிவு என்று நினைத்தார்கள்.

அதே 1891-ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். அங்கே மேடையேறியவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பகலில் வேறு வேலை, சாயங்காலம் நாடகம். சங்கரதாஸ் சேர்ந்தது வேறு உலகம். நாடகமே பிழைப்பு. ஓர் ஊரில் கொட்டகை போட்டு, கூட்டம் குறைந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் கம்பெனி வாழ்க்கை.

எமன் வேஷம் போட்டவர் ஏன் நடிப்பை விட்டார்?

ராமுடு ஐயர், கல்யாணராமய்யர் நடத்திய சபையில்தான் முதலில் நடிகராகவும் ஆசிரியராகவும் இருந்தார். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். இவைதான் அவருடைய வேஷங்கள். ஆளும் உருவமும், கனத்த குரலும், கணீர் என்ற உச்சரிப்பும். பார்க்கிறவர்கள் நடுங்கிப் போவார்களாம்.

இங்கேதான் நாடக உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் இரண்டு சம்பவங்கள் வருகின்றன.

முதல் சம்பவம், நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரன் வேஷம். விடியற்காலையில் நாடகம் முடிந்து, மேலெல்லாம் பூசிய கரியைக் கழுவ நீர்நிலைக்குப் போகிறார். அரை இருட்டு. அங்கே துணி வெளுக்க வந்த ஒரு பெண், திடீரென்று எதிரே வந்த அந்த உருவத்தைப் பார்த்து, அந்த அதிர்ச்சியிலேயே உயிரை விட்டுவிட்டாள் என்கிறார்கள்.

இரண்டாவது, சாவித்திரி நாடகத்தில் எமன். சத்தியவான் உயிரைப் பறிக்க அவர் ஆவேசமாகப் பாசக்கயிற்றோடு வந்த காட்சியில், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாம்.

கேட்கும்போது நடிகருக்குப் பெருமையாகத் தோன்றலாம். சங்கரதாஸ் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம். தன்னால் யாருக்கும் கேடு வரக்கூடாது என்று முடிவெடுத்து, வேஷம் போடுவதையே விட்டார். இனிமேல் எழுதுவது, சொல்லிக் கொடுப்பது. அவ்வளவுதான்.

கொஞ்ச காலம் அதையும் விட்டுவிட்டுத் தீர்த்த யாத்திரை கிளம்பினார். முருகன் கோயில் கோயிலாகப் போனார். காவி கட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இப்படித்தான்.

புதுக்கோட்டையில் கிடைத்த தாளம்

யாத்திரையின் நடுவில் புதுக்கோட்டை. அங்கே இருந்தவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய பெரிய லய வித்துவான். சுவாமிகளைத் தன் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, இசையும் தாளமும் கற்றுக் கொடுத்தார்.

இது ஏன் முக்கியம்? சுவாமிகளுக்குத் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே தெரியும். இப்போது தாளக் கணக்கும் சேர்ந்துகொண்டது. அதனால்தான் அவருடைய பாட்டு படிக்கும்போது செய்யுளாக நிற்கிறது, பாடும்போது மேடையைத் தூக்குகிறது. நடிகர் மூச்சு விடுவதற்கு எங்கே இடம் வேண்டும், மிருதங்கம் எங்கே நிற்க வேண்டும் என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கும்.

மான்பூண்டியா பிள்ளையின் வற்புறுத்தலோடு மறுபடி நாடகத்துக்கு வந்தார். வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேஸ்வரய்யர், வேலு நாயர் என்று பலருடைய சபைகளில் ஆசிரியராக இருந்தார். முதல் இரண்டு பெயர்களைக் கவனியுங்கள். வள்ளி வேஷத்துக்கும் அல்லி வேஷத்துக்கும் பேர் போனவர்களுக்கு அந்த வேஷமே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்ட காலம் அது. பெண் வேஷம் போட்டது ஆண்கள்.

அவர் என்னதான் மாற்றினார்?

சுவாமிகளுக்கு முன்னால் நாடகம் இல்லையா என்றால், இருந்தது. தெருக்கூத்து இருந்தது. பார்சி கம்பெனிகளும் மராட்டியக் கம்பெனிகளும் வந்து காட்டிய திரைச்சீலை, பளபளப்பு எல்லாம் இருந்தது. ஆனால் பெரும்பாலும் பாட்டுதான். நடுவில் பேசுகிற வசனத்தை நடிகர் அன்றைக்கு வாயில் வருகிறபடி பேசிக்கொள்வார். ஒரு நாள் நன்றாக இருக்கும், இன்னொரு நாள் ஆபாசமாகப் போகும்.

சுவாமிகள் மூன்று காரியம் செய்தார்.

ஒன்று, நாடகத்துக்கு எழுதிய பிரதி கொடுத்தார். பாட்டு, விருத்தம், வசனம் எல்லாம் ஒரே கையெழுத்தில். எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சி என்று ஒழுங்கு.

இரண்டு, தர்க்கம். அவருடைய நாடகங்களில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பாட்டிலேயே வாதாடுவார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும், வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும், அல்லிக்கும் அர்ச்சுனனுக்கும். பட்டிமன்றம் மாதிரி. ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்ததற்கு இந்தச் சண்டையும் ஒரு பெரிய காரணம்.

மூன்று, திருக்குறளும் நீதிநூல் கருத்துகளும் பாத்திரங்களின் பேச்சில் கலந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலி, பாரதக் கதையையும் குறள் கருத்தையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்துகொள்ள நாடகக் கொட்டகை ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது.

எத்தனை நாடகம் எழுதினார் என்பதில் கணக்கு வேறுபடுகிறது. 40 என்பார்கள், 68 என்றும் சொல்வார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, நல்லதங்காள், சதி அனுசூயா, பிரகலாதன், அபிமன்யு சுந்தரி, சிறுத்தொண்டர் என்று பட்டியல் நீளும். எழுதியதில் ஒரு பகுதிதான் இன்று அச்சில் கிடைக்கிறது.

வீட்டுக்குள்ளே நடந்தது, மேடைக்கு வந்தது

புராணக் கதைதானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சாமிப் பெயர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் எல்லாமே வீட்டுக்குள் நடக்கிற கதைதான்.

பவளக்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை ஆண்ட அல்லி ராணிக்கும் அர்ச்சுனனுக்கும் பிறந்த பிள்ளை புலந்திரன். விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். பவளம் தேடிப் போன அப்பா, போன இடத்தில் பவளக்கொடி என்ற பெண்ணைப் பார்த்து, ஊருக்குத் தெரியாமல் கட்டிக்கொள்கிறார். பிறகு அல்லிக்கு விஷயம் தெரிகிறது. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை, சண்டைக்குக் கிளம்புகிறாள். சின்ன வீடு என்ற சொல் ஒவ்வொரு தெருவிலும் புழங்கிய ஊரில், இந்தக் கதையைக் கேட்ட பெண்களுக்கு இது பாரதமாகவா பட்டிருக்கும்?

நல்லதங்காள் கதை இன்னும் பக்கம். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரம்தான் அவள் பிறந்த ஊர் என்று இன்றும் கோயில் வைத்துக் கும்பிடுகிறார்கள். வாழ்க்கைப்பட்டது மானாமதுரையில். பஞ்சம் வருகிறது. ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வீட்டில் இல்லாத நேரம், அண்ணி மூளி அலங்காரி ஒரு வாய் சோறு போடாமல் விரட்டுகிறாள். அவமானம் தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதிக்கிறாள். பர்னோவில் உறைந்த ஆறு, இங்கே கிணறு. அண்ணன் இல்லாதபோது வீட்டுக்குள் நடந்ததை ஊருக்கே போட்டுக் காட்டியது நாடகம்.

கண்ணகி கதைக்கும் நாட்டார் வழக்கில் ஒரு ரகசியம் உண்டு. சிலப்பதிகாரத்தில் இல்லாத பகுதி இது. கண்ணகி பாண்டியன் வீட்டிலேயே பிறந்த குழந்தை. மதுரைக்கு இவளால் அழிவு என்று ஜோசியர்கள் சொன்னதால் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். ஒரு வணிகர் எடுத்து வளர்க்கிறார். கடைசியில் அவள் திரும்பி வந்து நீதி கேட்பது பெற்ற தகப்பனிடமே. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கோவலன் கதையில் இது வருகிறது. சிலப்பதிகாரம் அச்சில் பரவலாவதற்கு முன்பு மதுரை ஜனங்களுக்குத் தெரிந்த கோவலன் இந்தக் கதைப்பாடல் கோவலன்தான்.

மதுரையில் மதுரையைத் திட்டலாமா?

கோவலன் நாடகம் மதுரையிலேயே நடந்தபோது ஒரு சிக்கல் வந்ததாகச் சொல்வார்கள். சிலம்பு விற்கக் கிளம்பும் கோவலனைக் கண்ணகி எச்சரிக்கிற பாட்டு. அதில் மதுரையை மாபாவியோர் வாழும் ஊர் என்று ஒரு சொல் வரும்.

கூட்டத்தில் இருந்த ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். எங்கள் ஊரில் வந்து எங்களையே பாவி என்பதா என்று சத்தம். நாடகம் நின்றது. சுவாமிகள் மேடைக்கு வந்து நிதானமாகப் பதம் பிரித்தார். மா என்றால் திருமகள், பா என்றால் கலைமகள், வி என்றால் மலைமகள். மூன்று தேவியரும் சேர்ந்து வாழும் ஊர் மதுரை என்றுதான் அர்த்தம் என்று விளக்கினார். சத்தம் போட்டவரே கைதட்டினாராம்.

கண்ணகி வாயில் அது வசவு, ஊர்க்காரர் காதில் அது வாழ்த்து. ஒரே சொல்லில் இரண்டையும் வைக்கத் தெரிந்த ஆள் அவர். நாடகத்தைத் தொடர வேண்டும், அதே சமயம் எழுதிய சொல்லையும் மாற்றக்கூடாது. அவர் மாற்றவில்லை.

பெரியவர்கள் சரிப்பட்டு வரவில்லை

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையை சுவாமிகளே ஆரம்பித்தார். பின்னால் தமிழ்நாட்டையே தன் குரலால் கட்டிப்போட்ட எஸ்.ஜி.கிட்டப்பா சின்னப் பையனாக இந்த சபையில் இருந்தவர்தான்.

அந்தக் காலத்துப் பெரிய நடிகர்களோடு சுவாமிகளுக்கு ஒத்துப்போகவில்லை. ஒத்திகைக்கு வரமாட்டார்கள். குடித்துவிட்டு மேடையேறுவார்கள். எழுதிக் கொடுத்ததைப் பேசாமல் இஷ்டத்துக்குப் பேசுவார்கள். எழுத்துப் பிரதியை நம்பிய ஒரு ஆசிரியருக்கு இதைவிடத் தலைவலி வேறென்ன?

அதற்கு அவர் கண்ட வழி, பாய்ஸ் கம்பெனி. சிறுவர்களை வைத்தே முழு நாடகமும். 1918-ல் மதுரையில் நண்பர்கள் துணையோடு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஆரம்பமானது. மீனாட்சியின் ஊர், அதனால் மீனலோசனி.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒரு குடும்பம் கண்ணுசாமிப் பிள்ளை குடும்பம். அவரே பெண் வேஷ நடிகர். பிள்ளைகள் சங்கரன், முத்துசாமி, சண்முகம். சண்முகத்துக்கு அப்போது வயது 6. இவர்கள்தான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை எப்படி?

குருகுலம் மாதிரி. கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, தூக்கம். காலையில் பாட்டுப் பாடம், பிறகு வசனப் பாடம், ராத்திரி நாடகம். எழுத்து தெரியாத பையனுக்கும் காதால் கேட்டே நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடம். தாளம் தப்பினால் அடி. உச்சரிப்பு தப்பினாலும் அடி. அன்றைய வாத்தியார்கள் எல்லோரும் அப்படித்தான், சுவாமிகளும் விதிவிலக்கு இல்லை. கோபக்காரர் என்றுதான் அவருடைய சீடர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னிக்கு இருந்து பார்த்தால் இது கசப்பான விஷயம்தான். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ராத்திரி முழுக்க மேடை. பல பையன்களை வீட்டு வறுமைதான் அங்கே அனுப்பியது. மூன்று வேளைச் சோறு உத்தரவாதம் என்பதே பெரிய காரணம். அதே சமயம் 20-ம் நூற்றாண்டுத் தமிழ் மேடைக்கும் சினிமாவுக்கும் ஆள் தயார் செய்ததும் இந்த பாய்ஸ் கம்பெனிகள்தான். எம்.ஜி.ஆர். வளர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். இரண்டையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஒரே ராத்திரியில் ஒரு நாடகம்

சுவாமிகள் எழுதுகிற வேகம் பற்றிய கதைகளுக்குக் குறைவே இல்லை. அதில் முக்கியமானது அபிமன்யு சுந்தரி. சிறுவன் சண்முகத்தைக் கதாநாயகனாகப் போட ஒரு நாடகம் தேவைப்பட்டது. ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடியும்போது பாட்டு, வசனம் எல்லாம் சேர்ந்து முழு நாடகமும் தயார். அடித்தல் திருத்தல் கிடையாது. டி.கே.சண்முகம் பெரியவரான பிறகு இதைத் தன் வாழ்க்கைக் கதையில் வியந்து எழுதியிருக்கிறார். அபிமன்யுவாக அந்த நாடகத்தில் நடித்ததும் அவரே.

குரல் போன கடைசி வருஷம்

1921-ல் கம்பெனி சென்னையில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தது. பேச்சும் போனது. மேடைகளை நடுங்க வைத்த குரல் அது.

சபை அவரைக் கைவிடவில்லை. போகிற ஊருக்கெல்லாம் கூட அழைத்துக்கொண்டு போனார்கள். பேச முடியாமல் உட்கார்ந்தபடி, தான் எழுதியதைப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். வயது 55. கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. சொந்தமாகக் குடும்பம் இல்லாத அவருக்கு இன்றுவரை வருஷா வருஷம் குருபூஜை செய்கிறவர்கள் நாடகக் கலைஞர்கள்.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

1925-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்த சபை ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பெயர் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. தொடங்கியது திருவனந்தபுரத்தில், ஆனால் பெயரில் மதுரை. அந்தப் பெயருக்கு நாடக உலகில் அவ்வளவு மரியாதை.

வள்ளி திருமணம் சுதந்திரப் போராட்டத்துக்கும் மேடையானது. திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ், முருகன் வேஷத்தில் வந்து நாடகத்தின் நடுவே தேசபக்திப் பாடல் பாடுவார். போலீஸ் காத்திருந்து கைது செய்யும். பல முறை சிறை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில் மேல் அமர்ந்த முருகன் கோலத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

சினிமாவும் இந்த நாடகங்களைத்தான் முதலில் தேடியது. 1934-ல் வந்த 'பவளக்கொடி'தான் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு முதல் படம். இயக்குநர் கே.சுப்ரமணியத்துக்கும் அதுவே முதல் படம்.

ஒத்திகையே இல்லாத நாடகம்

கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடியபோது, ஸ்பெஷல் நாடகம் அந்த இடத்தைப் பிடித்தது. இதற்குக் கம்பெனி கிடையாது. ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஹார்மோனியக்காரர் மற்றோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வைத்து, அன்று ராத்திரிதான் ஒரே மேடையில் சந்திப்பார்கள். கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ஜோடியாகக் கொடிகட்டிப் பறந்தது இந்த ஸ்பெஷல் நாடகங்களில்தான்.

ஒத்திகை இல்லாமல் எப்படி நடிக்க முடியும்? இதற்கு விடை சுவாமிகளின் பிரதி. எல்லோருக்கும் தெரிந்த ஒரே கதை, ஒரே வரிசை, ஒரே பாட்டு. முன்பின் பார்க்காத இருவர் ஒருவருக்கொருவர் எதிர்ப்பாட்டு பாட முடிகிறது என்றால், இருவருமே ஒரே வாத்தியாரின் பாடத்தைப் படித்தவர்கள் என்பதால்தான். கட்டான பிரதி எழுதியவரின் பாடம், கம்பெனியே இல்லாத நடிகர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மதுரைப் பக்கம் இப்படித்தான் நடக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் அம்மன் கோயில் பொங்கல் வந்தால் ஊர்ப் பெரியவர்கள் வரி வசூலித்து நாடகம் பேசுவார்கள். நடிகர்களின் போட்டோ போட்ட நோட்டீஸ் சுவரில் ஏறும். ராத்திரி 10 மணி சுமாருக்கு ஆரம்பம். முதலில் பபூன், டான்ஸ் என்று சிரிப்பு. நடுராத்திரிக்குப் பிறகுதான் கதை. தர்க்கம் சூடு பிடிப்பது அதிகாலை 3 மணிக்கு மேல். வள்ளிக்குக் கல்யாணம் ஆகும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

இன்னிக்கு என்ன நிலைமை?

மதுரை நாடக நடிகர் சங்கத்தில் சுவாமிகள் படம் இல்லாமல் எந்தக் காரியமும் தொடங்காது. தமுக்கத்தில் அவர் பெயரில் கலையரங்கம் இருந்தது. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளியே அவர் பெயரில் இருக்கிறது. பெயருக்குக் குறை இல்லை.

கலைஞர்களின் பாடு வேறு. திருவிழா மாதங்களில்தான் வருமானம், மிச்ச மாதங்களுக்கு வேறு வழி தேட வேண்டும். கொரோனா ஊரடங்கில் திருவிழா நின்றபோது அந்த வருமானமும் நின்றது. ராத்திரி மேடையேறும் பெண்களைப் பற்றி ஊர் பேசும் பேச்சு இன்னும் முழுசாகப் போகவில்லை. கூத்தாடி என்ற சொல்லும் போகவில்லை. கற்புக்கரசி கண்ணகியாகவும் சாவித்திரியாகவும் நடிக்கிற பெண்ணுக்குத்தான் வாடகை வீடு கிடைப்பதும் பிள்ளைக்கு வரன் பார்ப்பதும் சிரமம் என்றால், அது நாடகத்தின் குறை இல்லை, பார்க்கிறவர்களின் குறை.

சுவாமிகளின் நாடகங்களிலும் கேள்வி கேட்க வேண்டியது இருக்கிறது. அல்லி மாதிரி ஆண்களை எதிர்த்து நின்ற ராணியைக் கடைசியில் அடக்கித்தான் கதை முடிகிறது. பத்தினி என்றால் பொறுத்துப் போக வேண்டும் என்ற பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் தன் காலத்து மனிதர்தான். ஆனாலும் தர்க்கம் என்ற ஒன்றை வைத்துவிட்டுப் போனாரே, அங்கே இன்னிக்கு வள்ளியாக நிற்கும் நடிகை தன் காலத்துக் கேள்வியை எடுத்து எதிரில் நிற்பவரை மடக்க முடிகிறது. பாட்டு அவருடையது, பதில் அவளுடையது.

அடுத்த பங்குனியில் மதுரைப் பக்கம் சுவரில் வள்ளி திருமணம் நோட்டீஸ் கண்ணில் பட்டால் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். டிக்கெட் கிடையாது. ஒரு பாய் இருந்தால் போதும். 3 மணி தர்க்கம் வரைக்கும் மட்டும் தூங்காமல் இருங்கள்.